சிசிஎன்ஏ முடிச்சா வேலை கிடைக்குமா: நெட்வொர்க் லைனுக்கு வர்றவங்களுக்கு கொஞ்சம் பின்னணி

"எல்1 நெட்வொர்க் இன்ஜினியர், 0-2 வருஷம், சிசிஎன்ஏ இருந்தா முன்னுரிமை, 24/7 ரொட்டேஷனல் ஷிப்ட், உடனே சேரணும்." வேலை தேடுற யாரா இருந்தாலும் இந்த மாதிரி ஒரு விளம்பரத்த பார்த்திருப்பீங்க. நான் விருதுநகர் பக்கம் ஒரு காலேஜ்ல இசிஇ முடிச்சிட்டு 2012ல சென்னைக்கு பஸ் ஏறினப்போ கிட்டத்தட்ட இதே வரி தான் கண்ணுல பட்டுச்சு, இன்னைக்கும் பெருசா மாறல. அப்போ எனக்கு அந்த வரில பாதி புரியல, சிசிஎன்ஏங்கறது ஏதோ மூணு மாச கோர்ஸ்னு நினைச்சிட்டு இருந்தேன், எல்1னா என்ன எல்2னா என்னன்னு கேக்க ஆள் இல்ல. இப்போ என் டீமுக்கு ஆள் எடுக்கறப்போ எதிர்ல வந்து உக்கார்ற பசங்க பொண்ணுங்கள்ல நிறைய பேர் அதே நிலைமைல தான் வர்றாங்க, கைல காசு கட்டி வாங்கின ஒரு சர்டிபிகேட் இருக்கு, ஆனா அது எதுக்குன்னு யாரும் சொல்லித் தரல. அதனால தான் இத கொஞ்சம் விரிவா எழுதறேன்.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடுவோம். சிசிஎன்ஏங்கறது கோர்ஸ் பேர் கிடையாது, ரவுட்டர், ஸ்விட்ச் மாதிரி நெட்வொர்க் பெட்டிகள செய்யுற சிஸ்கோ கம்பெனி நடத்துற ஒரு பரீட்சையோட பேர். எந்த இன்ஸ்டிட்யூட்லயும் சேராம வீட்ல உக்காந்து படிச்சிட்டு நேரா பரீட்சை நடத்துற பியர்சன் வியூ சென்டர்ல போய் எழுதலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. இன்ஸ்டிட்யூட் முடிவுல குடுக்குற கலர் பேப்பர் "இவர் எங்ககிட்ட படிச்சார்"னு சொல்றது மட்டும் தான், சிஸ்கோ குடுக்குறது வேற, அதுக்கு ஒரு ஐடி நம்பர் உண்டு, ஆன்லைன்ல வெரிஃபை பண்ணலாம். ரெண்டையும் ஒண்ணா நினைச்சு ரெஸ்யூமேல "சிசிஎன்ஏ சர்டிஃபைட்"னு போட்டுட்டு இன்டர்வியூல ஐடி கேட்டதும் முழிக்கிறவங்கள நான் பார்த்துட்டு தான் இருக்கேன், அவங்கள ஏமாத்துறவங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராது, அவங்களுக்கு அந்த வித்தியாசத்த யாருமே சொல்லல.

சரி, ஒரு தனியார் கம்பெனி தன் பொருளுக்கு பரீட்சை வச்சு அத உலகம் முழுக்க வேலைக்கு தகுதியா எடுத்துக்கிட்டாங்களே, அது எப்படி நடந்துச்சு? சிஸ்கோ 1984ல ஆரம்பிச்ச கம்பெனி, ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் பிரிவுல வேலை பார்த்த லெனார்ட் போசாக், சாண்டி லெர்னர்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சது. சான் பிரான்சிஸ்கோங்கற ஊர் பேரோட வால் தான் சிஸ்கோ, லோகோல இருக்குறது அந்த ஊர் கோல்டன் கேட் பாலம். 90கள்ல ரவுட்டர் விக்கிற வேகத்துக்கு அத ஓட்டத் தெரிஞ்ச ஆள் உருவாகல. அப்போ 1993ல சிசிஐஇன்னு ஒரு பரீட்சை கொண்டு வந்தாங்க. அது எடுத்த எடுப்புலயே உச்சி. ஆரம்பத்துல லேப் பரீட்சை ரெண்டு நாள் நடக்கும், முன்னாடி நிஜ ரவுட்டர வச்சிட்டு உயிரோட ஒரு நெட்வொர்க்க கட்டணும், உடைச்சு விட்டத சரி பண்ணணும். இப்போ அது ஒரே நாள், 8 மணி நேரம். பாஸ் பண்ணவங்களுக்கு குடுக்குற நம்பர் 1024ல இருந்து தொடங்குது, ரெண்டோட பத்தாவது அடுக்கு, அந்த முதல் நம்பரயும் ஆளுக்கு குடுக்காம லேப் அறைக்கே குடுத்துட்டாங்க.

சிசிஎன்ஏ வந்தது அஞ்சு வருஷம் கழிச்சு, 1998ல. அதாவது உச்சிப் படிய முதல்ல கட்டிட்டு அப்புறம் தான் கீழ் படிய கட்டியிருக்காங்க. இது ஏன் முக்கியம்னா, சிசிஎன்ஏ பாடத்திட்டம் ஏதோ காலேஜ் புக்க சுருக்கி செஞ்சதில்ல, மேல இருக்குற வேலைக்கு போகணும்னா அடியில என்ன தெரியணும்னு பின்னாடி இருந்து யோசிச்சு செஞ்சது. அதனால தான் 4 வருஷம் இன்ஜினியரிங்ல ஓஎஸ்ஐ மாடல் ஏழு லேயர மனப்பாடம் பண்ணி பாஸ் ஆனவனுக்கும் ஒரு ஸ்விட்ச்ச கைல குடுத்தா கை நடுங்குது, டிகிரி இல்லாம டிப்ளமோ மட்டும் முடிச்சிட்டு ஆறு மாசம் லேப்ல உக்காந்தவன் அத சாதாரணமா பண்ணிட்டு போறான்.

இன்னொரு காரணம் பச்சையா வியாபாரம். சிஸ்கோ தன் பெட்டிய பெரும்பாலும் நேரடியா விக்கிறதில்ல, பார்ட்னர்கள் மூலமா தான் விக்குது, நம்ம ஊர்ல சிஸ்டம் இன்டக்ரேட்டர், சுருக்கமா எஸ்ஐன்னு சொல்றோமே அவங்க. அந்த பார்ட்னருக்கு எந்த அந்தஸ்து, எவ்வளவு சலுகைங்கறதுக்கு ஒரு அளவுகோல், அவங்ககிட்ட சர்டிபிகேட் வச்ச ஆளுங்க எத்தன பேர் இருக்காங்கங்கறது. இத புரிஞ்சுக்கிட்டா விளம்பரத்துல இருக்குற "சிசிஎன்ஏ முன்னுரிமை" பாதி விளங்கிடும். எஸ்ஐ கம்பெனிக்கு உங்க சர்டிபிகேட் ஒரு தேவை, அதனால பல இடத்துல பரீட்சை ஃபீஸ அவங்களே கட்டுவாங்க, சில இடத்துல அதுக்கு பதிலா பாண்ட்ல கையெழுத்து கேப்பாங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எத்தன மாசம்னு படிச்சு பாருங்க. ஆனா பேங்க்லயோ மருத்துவமனைலயோ ஐடி டீமுக்கு ஆள் எடுக்கறவங்களுக்கு அந்த கணக்கு கிடையாது, அவங்களுக்கு வேலை தெரிஞ்ச ஆள் போதும். எந்த மாதிரி கம்பெனிக்கு அப்ளை பண்றீங்கங்கறத பொறுத்து அதே சர்டிபிகேட்டோட எடை மாறுது.

இதே மாதிரி தான் யூட்யூப் அறிவுரையும். அமெரிக்கால இருந்து பேசுறவங்க நிறைய பேர் முதல்ல காம்ப்டியாங்கற அமைப்போட ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ்னு வரிசையா எழுத சொல்வாங்க, நம்ம பசங்களும் அத அப்படியே எடுத்துக்கிட்டு காசு கட்டுறாங்க. அங்க அது சரி, ஏன்னா அமெரிக்க பாதுகாப்புத் துறை 2005ல 8570ங்கற எண்ல ஒரு கையேடு வெளியிட்டு, ராணுவ கம்ப்யூட்டர் சிஸ்டத்த தொடுற ஆளுக்கு இன்னின்ன சர்டிபிகேட் கட்டாயம்னு பட்டியல் போட்டுச்சு, அதுல இந்த மூணும் இருந்துச்சு, அதுக்கப்புறம் அங்க அரசாங்க காண்ட்ராக்ட் எடுக்குற கம்பெனி எல்லாம் அத கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. அந்த உத்தரவு அம்பத்தூருக்கும் சிறுசேரிக்கும் பொருந்தாது இல்லையா. நெட்வொர்க் பிளஸ்ல இருக்குற பாடம் நல்ல பாடம், நான் குறை சொல்லல, ஆனா இங்க நெட்வொர்க் வேலைக்கு ரெஸ்யூமே சலிக்கிற எச்ஆர் தேடுற வார்த்தை சிசிஎன்ஏ. கைல ஒரு பரீட்சைக்கு தான் காசு இருக்குன்னா அத இதுக்கு போடுங்க. கட்டணம் 300 டாலர், வரியோட சேர்த்தா 25,000 ரூபாய்க்கு மேல போகும், ஒரு குடும்பத்துக்கு அது சின்ன தொகை இல்ல, ஃபெயில் ஆனா திரும்பவும் முழுசா கட்டணும்.

இப்போ உள்ள என்ன கேக்குறாங்கன்னு பார்ப்போம். 2020 பிப்ரவரி 24 வரைக்கும் சிசிஎன்ஏல ரவுட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ், டேட்டா சென்டர்னு பல கிளை இருந்துச்சு, அன்னைக்கு அதுல பெரும்பாலானத ஒண்ணா சுருட்டி 200-301னு ஒரே பரீட்சையா ஆக்கினாங்க, அடுத்த படியான சிசிஎன்பி எழுத சிசிஎன்ஏ கட்டாயம்ங்கற விதியையும் எடுத்துட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல அதுக்கு ஒரு திருத்தம் வந்துச்சு, செயற்கை நுண்ணறிவு பத்தியும் டெர்ராஃபார்ம்ங்கற ஆட்டோமேஷன் டூல் பத்தியும் கொஞ்சம் சேர்த்தாங்க. நேரம் 120 நிமிஷம், ஒரு கேள்விய தாண்டிட்டா திரும்பி வர முடியாது, இது தெரியாம "அப்புறம் பார்த்துக்கலாம்"னு நெக்ஸ்ட் அடிச்சவங்க நிறைய. ஐபி கனெக்டிவிட்டி 25 சதவீதம், அடிப்படைக்கும் ஸ்விட்ச்சிங் பகுதிக்கும் 20, 20, செக்யூரிட்டி 15, மிச்சம் சர்வீஸும் ஆட்டோமேஷனும் 10, 10. அதாவது ஸ்விட்ச், ரவுட்டர், ஐபி அட்ரஸ் இந்த மூணும் ஒழுங்கா வந்துட்டா நூத்துக்கு 65 பங்கு தாண்டியாச்சு.

இதுல எல்லாரும் பயப்படுறது சப்நெட்டிங், அதாவது ஒரு நெட்வொர்க்க சின்னச் சின்ன துண்டா பிரிக்கிறது. எனக்கு வருத்தமா இருக்குறது என்னன்னா, அத ஒரு கணக்கா மட்டும் சொல்லிக் குடுத்துட்டு விட்டுடறாங்க, எதுக்குன்னு சொல்றதே இல்ல. ஒரு உதாரணம் பாருங்க. ஒரு ஆபீஸ்ல 192.168.10.0 நெட்வொர்க்க /26ஆ நாலா பிரிச்சிருக்காங்க. ஒவ்வொரு துண்டுலயும் 64 அட்ரஸ், முதலும் கடைசியும் போக 62 மிஷினுக்கு குடுக்கலாம். அக்கவுண்ட்ஸ்ல ஒரு சிஸ்டம் 192.168.10.70, அது ரெண்டாவது துண்டுல இருக்கு, 64ல இருந்து 127 வரைக்கும், அந்த துண்ட விட்டு வெளிய போற வாசல், அதாவது கேட்வே, 65. பிரிண்டர் 192.168.10.130, அது மூணாவது துண்டு. அந்த அக்கவுண்ட்ஸ் சிஸ்டத்துல யாரோ கைல ஐபி போடறப்போ, துண்டோட அளவ சொல்ற மாஸ்க்க /26க்கு பதிலா /24னு போட்டுட்டாங்க. இப்போ என்ன ஆகும்? அந்த சிஸ்டத்துல உக்கார்ற அக்கா போன் பண்ணி "தம்பி நெட் வேலை செய்யுது, மெயில் வருது, பிரிண்டர் மட்டும் வரல, பிரிண்டர மாத்திக் குடுங்க"ம்பாங்க. பிரிண்டர் நல்லா தான் இருக்கு, பக்கத்து சீட்ல இருந்து பிரிண்ட் போகுது. விஷயம் என்னன்னா அந்த சிஸ்டம் 130ங்கறது தன்னோட தெருவுலயே இருக்குன்னு நம்புது, அதனால கேட்வே கிட்ட குடுக்காம நேரா "130 யாருப்பா"ன்னு ஆர்ப் மூலமா கத்திக் கேக்குது, 130 அடுத்த தெருவுல இருக்கு, அதுக்கு சத்தமே கேக்காது, கேட்வேல ப்ராக்ஸி ஆர்ப் ஆஃப்ல இருந்தா நடுவுல நின்னு பதில் சொல்லவும் ஆள் இல்ல. இன்டர்நெட் அட்ரஸ் எல்லாம் வெளியூர்னு அதுக்கே தெரியும், அத ஒழுங்கா கேட்வே கிட்ட குடுத்துடுது, அதனால மெயில் ஓடுது. மாஸ்க்ல ஒரு எண்ண மாத்தினா முடிஞ்சது வேலை.

இந்த மாதிரி ஒரு பிரச்சினைய போன்ல கேட்டுக்கிட்டே மனசுக்குள்ள பேக்கெட், அதாவது அனுப்புற டேட்டா துண்டு, எங்க போகும் எங்க நிக்கும்னு படம் போட்டுப் பார்க்க வந்துடுச்சுன்னா நீங்க நெட்வொர்க் இன்ஜினியர். நான் இன்டர்வியூல தேடுறதும் அது ஒண்ணத் தான். ஓஎஸ்பிஎஃப்ங்கற ரவுட்டிங் முறைல எத்தன விதமான எல்எஸ்ஏ இருக்குன்னு ஒப்பிக்கிறத விட, ரெண்டு பிசி ஒரு ஸ்விட்ச், பிங் பண்றப்போ முதல் பிங் மட்டும் டைம் அவுட் ஆச்சு, ஏன் ஆச்சுன்னு கேட்டு அதுக்கு ஆர்ப் பத்தி யோசிச்சு பதில் சொல்றவங்கள எடுத்துடுவேன்.

அந்த படம் மனசுல வர ஒரே வழி லேப். முன்னாடி ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு பழைய ஸ்விட்ச்ச செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ரூம்ல வச்சு, ஃபேன் சத்தத்துல ரூம்மேட் தூங்க முடியாம திட்டி, அப்படி எல்லாம் படிச்சோம். இப்போ அவ்வளவு கஷ்டமே வேணாம், சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் அகாடமில அக்கவுண்ட் போட்டா பேக்கெட் ட்ரேசர் இலவசம், சாதாரண 4 ஜிபி ராம் லேப்டாப்லயே ஓடும், சிசிஎன்ஏக்கு அது தாராளமா போதும். அதுல சிமுலேஷன் மோட்னு ஒண்ணு இருக்கு, பேக்கெட் ஒரு கவர் மாதிரி ஒவ்வொரு பெட்டியா நகர்றத நிறுத்தி நிறுத்தி பார்க்கலாம், கவர க்ளிக் பண்ணா ஒவ்வொரு லேயர்லயும் என்ன எழுதியிருக்குன்னு தெரியும். ரவுட்டர தாண்டுறப்போ மேக் அட்ரஸ் மாறுது, ஐபி அட்ரஸ் அப்படியே இருக்குங்கறத புக்ல நூறு தடவ படிச்சாலும் பதியாது, அதுல ஒரு தடவ பார்த்தா மறக்காது. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி மாதிரி பெரிய லேப் டூல் எல்லாம் சிசிஎன்பி போறப்போ பார்த்துக்கலாம். ஒரு லேப்ப வேலை செய்ய வச்சிட்டு மூடிடாதீங்க, வேலை செஞ்சதும் நீங்களே ஒண்ண உடைங்க, ஒரு விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள பிரிச்சு வச்ச தனி நெட்வொர்க்) நம்பர மாத்துங்க, ஒரு இன்டர்ஃபேஸ ஷட் பண்ணுங்க, என்ன அறிகுறி வருதுன்னு நோட்ல எழுதுங்க. வேலைல உங்களுக்கு வர்றது எப்பவும் அறிகுறி தான், காரணத்த யாரும் கொண்டு வந்து குடுக்க மாட்டாங்க.

டம்ப் பத்தி சொல்லாம போக முடியாது. பரீட்சைல வந்த கேள்விய திருடி பிடிஎஃப் ஆக்கி விக்கிறாங்க, "100% பாஸ் கேரண்டி"ன்னு வாட்ஸ்அப்ல வரும், சில இன்ஸ்டிட்யூட்லயே கடைசி வாரம் அத தான் கைல குடுக்குறாங்க. சிஸ்கோவுக்கு தெரிஞ்சா சர்டிபிகேட்ட ரத்து பண்ணலாம், மறுபடி எழுத விடாம தடை போடலாம், அது ஒரு பக்கம். எனக்கு அத விட பெரிய கவலை வேற. வீட்ல நகைய அடகு வச்சு கோர்ஸுக்கும் பரீட்சைக்கும் காசு கட்டியிருக்காங்க, அந்தக் காசுக்கு கிடைச்சிருக்க வேண்டியது அந்த மூணு நாலு மாச லேப் பழக்கம், டம்ப் அந்தப் பழக்கத்த தான் பறிச்சுக்குது. பேப்பர் கைல இருக்கு, இன்டர்வியூல அஞ்சாவது நிமிஷம் தெரிஞ்சு போகுது, திரும்ப ஊருக்கு போய் "நெட்வொர்க் லைன்ல வேலையே இல்ல"ன்னு சொல்றாங்க. பார்க்கறப்போ கோவம் வர்றது அந்த பையன் மேல இல்ல.

இப்போ விளம்பரத்துல மிச்சம் இருக்குற வார்த்தைக்கு வருவோம், எல்1, 24/7 ஷிப்ட். இது பெரும்பாலும் நாக் வேலை, அதாவது நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர், திரைல எல்லா கிளையோட லிங்கும் பச்சையா இருக்கும், சிவப்பானா டிக்கெட் போடணும், இன்டர்நெட் லைன் குடுக்குற ஐஎஸ்பிக்கு போன் பண்ணணும், எழுதி வச்ச எஸ்ஓபி படி நாலு கமாண்ட் அடிச்சுப் பார்க்கணும், முடியலன்னா எல்2க்கு, அதாவது அடுத்த நிலை ஆளுக்கு தள்ளணும். என் முதல் சம்பளம் மாசம் 12,000, வேளச்சேரில நாலு பேர் ஒரு ரூம், வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும், உடம்பு அதுக்கு பழகவே பழகாது. ஆனா அந்த ரெண்டு வருஷம் பார்த்த மாதிரி விதவிதமான பழுத எந்த லேப்லயும் பார்த்திருக்க முடியாது.

எட்டாவது மாசம் ராத்திரி ஒண்ணரை மணிக்கு எனக்கு ஒரு சேஞ்ச், அதாவது ஓடிட்டு இருக்குற நெட்வொர்க்ல ஒரு மாற்றம் பண்ற வேலை, குடுத்தாங்க, முதல் தடவையா நானே பண்ற சேஞ்ச். ஒரு கிளை ஆபீஸ் ஸ்விட்ச்ல, பல விலான் ஒண்ணா போற ட்ரங்க் போர்ட்ல விலான் 30 புதுசா சேர்க்கணும், ரெண்டு நிமிஷ வேலை. "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் 30"னு அடிச்சு என்டர் தட்டினேன். ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு போச்சு. அந்த கமாண்ட்ல "ஆட்"ங்கற வார்த்தை இருந்திருக்கணும். அது இல்லாம அடிச்சா ஏற்கனவே இருந்த பட்டியல் கூட சேராது, பட்டியலயே அழிச்சிட்டு 30 மட்டும் வச்சிடும். நான் அந்த ஸ்விட்ச்சுக்குள்ள போன வழியே விலான் 99 வழியா, அதயும் நானே அறுத்துட்டேன். கிளை முழுக்க டவுன். சேஞ்ச் ஃபார்ம்ல ரோல்பேக்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல "பழைய கான்ஃபிகுரேஷனுக்கு மாத்தப்படும்"னு எழுதி அப்ரூவ் ஆகியிருந்துச்சு, உள்ளயே போக முடியாதப்போ எப்படி மாத்துறதுன்னு எழுதினவரும் யோசிக்கல, அப்ரூவ் பண்ணவங்களும் யோசிக்கல, நானும் யோசிக்கல. கூட ஷிப்ட்ல இருந்த எல்2 அண்ணன் எழுந்து வந்து திட்டாம ஒண்ணே ஒண்ணு கேட்டார், "சேவ் பண்ணியா?" இல்லண்ணான்னேன். "அப்போ பிரச்சினை இல்ல, வாட்ச்மேனுக்கு போன போடு, ஸ்விட்ச் பவர ஆஃப் பண்ணி ஆன் பண்ண சொல்லு." சேவ் பண்ணாத மாற்றம் ரீபூட்ல போயிடும், பழைய கான்ஃபிகுரேஷன்ல எழுந்து வரும், வந்துச்சு. அப்புறம் டீ குடிக்கறப்போ தான் அவர் "ரீலோட் இன் 10" சொல்லிக் குடுத்தார், ஆபத்தான கமாண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி அத அடிச்சு வச்சிட்டா பத்து நிமிஷத்துல பெட்டி தானா ரீபூட் ஆகும், எல்லாம் நல்லபடியா முடிஞ்சா "ரீலோட் கேன்சல்" அடிச்சிட்டு சேவ் பண்ணிக்கலாம், உள்ள போக முடியாம மாட்டிக்கிட்டா பத்து நிமிஷம் பொறுத்தா போதும்.

பெரிய இடத்துலயும் நடக்குறது இதே தான், அளவு தான் வேற. 2021 அக்டோபர் 4 ராத்திரி நம்ம நேரம் ஒன்பது மணிக்கு மேல ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூணும் ஒண்ணா போச்சே ஞாபகம் இருக்கா, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். பராமரிப்பு வேலைல குடுத்த ஒரு கமாண்ட் அவங்களோட முதுகெலும்பு நெட்வொர்க் மொத்தத்தயும் துண்டிச்சிடுச்சு, தப்பான கமாண்ட தடுக்க வேண்டிய டூல்ல பிழை இருந்ததால அது தடுக்கல, உள்ள தொடர்பு போனதும் பேர ஐபி அட்ரஸா மாத்திக் குடுக்குற டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கு வர்ற வழிய இன்டர்நெட்டுக்கு சொல்ற பிஜிபி ரூட்ட தாங்களே வாபஸ் வாங்கிடுச்சு, உலகத்துக்கு அந்த கம்பெனியோட அட்ரஸே இல்லாம போச்சு. சரி பண்ண வேண்டிய இன்ஜினியர்கள் பயன்படுத்துற டூலும் அதே நெட்வொர்க்ல இருந்ததால அவங்களாலயும் உள்ள போக முடியல, ஆள நேர்ல டேட்டா சென்டருக்கு அனுப்ப வேண்டியதாச்சு. அத படிச்ச அன்னைக்கு எனக்கு அந்த விலான் 99 தான் ஞாபகம் வந்துச்சு.

எல்1ல ரெண்டு வருஷத்துக்கு மேல தேங்கிடாதீங்கன்னு மட்டும் அழுத்தி சொல்வேன். அங்கயே அஞ்சு வருஷம் இருந்தவங்கள எனக்கு தெரியும், டிக்கெட் தள்ளுறது மட்டும் கைவந்த வேலையா ஆகியிருக்கும், வெளிய இன்டர்வியூ போனா அனுபவம் அஞ்சு வருஷம்னு சொல்லி ரெண்டு வருஷத்து பதில் தான் வரும். எல்2 தாண்டி போக சிசிஎன்பி ஒரு வழி, கோர் பரீட்சை ஒண்ணு, அது கூட உங்களுக்கு பிடிச்ச பிரிவுல ஒண்ணு, ரெண்டு எழுதணும். ஃபயர்வால் பக்கம் போறது இன்னொரு வழி, இங்க ஃபோர்டிநெட், பாலோ ஆல்டோ தெரிஞ்ச ஆளுக்கு நல்ல தேவை இருக்கு, ஃபோர்டிநெட் 2020ல இருந்து தன்னோட ஆன்லைன் பாடங்கள இலவசமாவே திறந்து விட்டிருக்கு.

கிளவுட் வந்துடுச்சு, இனிமே நெட்வொர்க் இன்ஜினியர் எதுக்குன்னு கேக்குறவங்க உண்டு. அமேசானோட கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ல ஒரு விபிசி, அதாவது நமக்குன்னு ஒரு தனி நெட்வொர்க், போட்டுப் பாருங்க, அங்கயும் சப்நெட், ரூட் டேபிள், நாட், எல்லாம் அதே சாமான் தான். அதே /26 அங்க போட்டா 62 கிடைக்காது, 59 தான் கிடைக்கும், ஏன்னா ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு சப்நெட்லயும் அஞ்சு அட்ரஸ தனக்குன்னு எடுத்து வச்சுக்குது. எந்த பேக்கெட்ட விடணும், எத தடுக்கணும்னு ரூல் எழுத அங்க ரெண்டு இடம் இருக்கு, செக்யூரிட்டி குரூப்புக்கு திரும்பி வர்ற பேக்கெட்ட தானா ஞாபகம் வச்சுக்க தெரியும், நெட்வொர்க் ஏசிஎல்லுக்கு தெரியாது, அதுக்கு ரெண்டு பக்கமும் ரூல் எழுதணும், இத புரிஞ்சுக்காம நாள் கணக்கா மண்டைய உடைச்சிக்கிற டெவலப்பர்களுக்கு பழைய ஏசிஎல் படிச்ச ஒருத்தர் அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவார். அடிப்படை வச்சிருக்கவங்களுக்கு கிளவுட் சுலபமா வரும். பைத்தானயும் ஒத்திப் போடாதீங்க, 200 ஸ்விட்ச்ல ஒவ்வொண்ணா லாகின் பண்ணி ஒரே வரிய மாத்துற வேலைக்கு இனிமே யாரும் ஆள் எடுக்க மாட்டாங்க, நெட்மிகோங்கற பைத்தான் லைப்ரரி வச்சு இருபது வரில எழுதிடலாம், அந்த இருபது வரி உங்களுக்கு எழுத தெரியணும். அதே சமயம் அந்த "ஆட்" இல்லாத கமாண்ட ஸ்கிரிப்ட்ல போட்டா ஒரு கிளைக்கு பதிலா 200 கிளை போகும், அதனால முதல்ல கைல அடிச்சு பழகிட்டு அப்புறம் ஸ்கிரிப்ட்டுக்கு போங்க.

சென்னைல இருக்கவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வெளிநாட்ல இருந்து கடலுக்கு அடில வர்ற கேபிள்கள் கரை சேர்ற ஊர் இது, சிங்கப்பூருக்கு போற ஐ2ஐ 2002ல இருந்து இருக்கு, சீ-மீ-வீ 4 2005ல வந்துச்சு, அந்தமானுக்கு 2020 ஆகஸ்ட்ல இங்க இருந்து தான் கேபிள் போச்சு. அதனால தான் அம்பத்தூர்லயும் சிறுசேரிலயும் இவ்வளவு டேட்டா சென்டர். அங்க ரேக் ஏத்துற, ஃபைபர் பேட்ச் பண்ற வேலைல ஆரம்பிச்சு மேல வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க, அத கேவலமா நினைக்காதீங்க.

இன்னொரு நெட்வொர்க்கிங் இருக்கு, மனுஷங்களோட பழகுறது. கிராமத்துல இருந்து வந்த நமக்கு அது கூச்சமா இருக்கும், "தெரியாதவங்களுக்கு எப்படி மெசேஜ் பண்றது"ன்னு. லிங்க்ட்இன்ல "அண்ணா ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க"ன்னு வர்ற மெசேஜுக்கு பதில் சொல்ல எனக்கு ஆசை தான், ஆனா அவங்களுக்கு என்ன தெரியும்னு அதுல ஒண்ணுமே இல்லையே, யாருக்கு எப்படி ரெஃபர் பண்றது? போன வருஷம் ஒரு பொண்ணு தான் போட்ட பேக்கெட் ட்ரேசர் லேப்போட படத்த அனுப்பி, "இதுல ஓஎஸ்பிஎஃப் நெய்பர் எக்ஸ்ஸ்டார்ட்ல நிக்குது, எம்டியூ பிரச்சினையா சார்"னு கேட்டுச்சு. எம்டியூ, அதாவது ஒரு பேக்கெட்டோட உச்ச அளவு, ரெண்டு பக்கமும் ஒத்துப் போகாதது தான். அந்த ஒரு கேள்வில அந்த பொண்ணு எவ்வளவு தூரம் தானா தேடி வந்திருக்குன்னு தெரிஞ்சுது, அடுத்த மாசம் ஒரு இடம் வந்தப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்த பேர் அது தான். வேலைல இருக்கறப்போ பழக்கம் டிக்கெட்ல ஆரம்பிக்குது, "செக்ட், ஓகே"ன்னு எழுதி மூடுறவனயும், எத்தன மணிக்கு என்ன பார்த்தேன், எந்த கமாண்டுக்கு என்ன வந்துச்சு, அடுத்த ஷிப்ட் எங்க இருந்து தொடரணும்னு எழுதுறவனயும் எல்2 ஆளுங்க நல்லா கவனிக்கிறாங்க, எனக்கு அடுத்த ரெண்டு வேலையும் அந்த எல்2 அண்ணன் மூலமா தான் வந்துச்சு. இங்கிலீஷ் தடுமாறுதேன்னு ஒதுங்காதீங்க, பல பேர் ஒண்ணா சேர்ற பிரிட்ஜ் கால்ல "லிங்க் டவுன், ஐஎஸ்பி இன்ஃபார்ம்ட், அப்டேட் இன் தர்ட்டி மினிட்ஸ்" அவ்வளவு சொல்ல வந்தா ஆரம்பத்துக்கு போதும், மிச்சம் பேசப் பேச வந்துடும். ஐஎஸ்பி பக்கம் ஆர்வம் இருக்குன்னா சானாக், இன்னாக்னு நெட்வொர்க் ஆளுங்க கூடுற மாநாடுகள் நடக்குது, ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐபி அட்ரஸ் பிரிச்சுக் குடுக்குற ஏப்நிக்கோட அகாடமில பிஜிபி, ஐபிவி6 பாடமும் லேபும் இலவசம்.

சர்டிபிகேட்டுக்கு ஆயுசு மூணு வருஷம். அதுக்குள்ள மறுபடி எழுதணும், இல்ல மேல் படி பரீட்சை ஒண்ணு பாஸ் பண்ணணும், இல்லன்னா சிஸ்கோவோட பாடங்கள முடிச்சு கிரெடிட் சேர்க்கணும், சிசிஎன்ஏக்கு 30, சிசிஎன்பிக்கு 80. காலாவதி ஆனத ரெஸ்யூமேல போடலாமான்னு கேக்குறாங்க, தாராளமா போடுங்க, பக்கத்துல வருஷத்தயும் போடுங்க, மறைக்காதீங்க. எட்டு வருஷம் வேலை பார்த்தவர்கிட்ட சிசிஎன்ஏ உயிரோட இருக்கான்னு யாரும் பெருசா கேக்கறதில்ல, கடைசியா சிக்கலான ஒரு பழுத எப்படி கண்டுபிடிச்சீங்க, சொல்லுங்கன்னு தான் கேப்பாங்க. அதனால முதல் நாள்ல இருந்து ஒரு நோட் வச்சுக்கோங்க, கஸ்டமர் பேரும் நிஜ ஐபியும் எழுதாம அறிகுறி, பார்த்தது, காரணம், சரி பண்ண விதம் மட்டும் தேதியோட எழுதுங்க. என் நோட்ல முதல் பக்கத்துல விலான் 30 தான் இருக்கு, அதுக்கு கீழ சிவப்பு மைல "ஆட்".